மாமா என்றே கூப்பிடு, மகனே

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் வாசலில் மணி அடித்தபோது நான் நல்ல கோபத்தில் இருந்தேன். பேக்கரியில் பாணுக்கு வரிசையில் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்த கோபம். அந்தக் கோபத்தோடேயே உறையைக் கிழித்தேன். முதல் வரியில் "அன்புள்ள அப்பாவுக்கு" என்று எழுதியிருந்தாய். கடிதத்தை ஆள் மாற்றி அனுப்பிவிட்டாயோ என்று உறையைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். என் பெயர்தான், ஓர்ஸ் ஹில் அடிவாரத்து வீடுதான். நான் கதிரையில் இருந்துவிட்டேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமி, "ஆர் எழுதினது?" என்று கேட்டாள். "தம்பலகாமத்தில இருந்து. கலியாணத்துக்கு நாள் வைச்சாச்சாம்" என்றேன். "அது நல்ல கதையெல்லோ! பிறகேன் முகம் இப்பிடிப் போகுது?" என்றாள். நான் அந்த முதல் வரியை வாசித்துக் காட்டினேன். தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்தபடியே வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு, "இப்ப என்ன மறுமொழி எழுதப் போறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

திரியாயில் பெண்வீட்டார் "மாப்பிள்ளை ஆற்றை மகன்?" என்று விசாரித்ததாகவும், கலியாண அழைப்பிதழில் தகப்பன் என்று என் பெயரைப் போடப் போவதாகவும், மணவறையில் தகப்பன் இடத்தில் நான் நிற்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். "பெத்தவர் உயிரோட இருக்கேக்க நான் அந்த இடத்தில நிக்கிறது முறையில்லை" என்று உன்னை வளர்த்த அப்பாவே சொல்லிவிட்டாராம். அந்த மனிதன் அப்படித்தான் சொல்வார், எனக்குத் தெரியும். என் மறுமொழி ஒரே சொல், மகனே. ஏலாது. கோபிக்காதே. ஏலாது என்கிறவனுக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. அந்த முதல் வரியை வாசித்து வாசித்துக் கடிதத்தின் மடிப்பு கிழிந்துவிட்டது. துறைமுகம் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன் என்று பயந்து மாமி அதை அலுமாரியில் தன் கூறைச்சேலைக்குக் கீழே வைத்துப் பூட்டிவிட்டாள். இருந்தாலும் ஏலாது. ஏன் என்று சொல்வதென்றால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் இருந்து வர வேண்டும். கூத்துக்காரன் கடிதம் எழுதினால் நீளும், பொறுத்துக்கொண்டு வாசி.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் நீ பிறந்தாய். கொடி மாறினாலும் வெள்ளைக்காரன் தன் போர்க்கப்பல்களை எங்கள் துறைமுகத்தில்தான் கட்டி வைத்திருந்தான். நான் அப்போது சாமான் வள்ளத்தில் கூலி. கப்பலில் இருந்து மூட்டை இறக்குவது, கரையில் இருந்து பெட்டி ஏற்றுவது. நீதான் எங்கள் மூத்த பிள்ளை. நாலாம் மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பலகாமத்தில் என் அக்காவிடம் வளர்க்கக் கொடுத்தேன். அக்காவுக்கு ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை. இரக்கப்பட்டுக் கொடுத்தேன் என்றுதான் ஊர் நம்பியது, நீயும் அப்படித்தான் நம்பியிருப்பாய். "தலைப்பிள்ளையைத் தூக்கிக் குடுக்க ஆருக்கையா மனம் வரும்!" என்று கண்டவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். நானும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு அந்தப் புகழை வாங்கினேன். உன்னைப் பெற்ற மாமி மட்டும் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையை வைக்கிற சத்தத்தில்தான் அவளுடைய கதை எல்லாம் இருந்தது. நான் அவளிடம் கேட்கவில்லை, அறிவித்தேன். உனக்கு இப்போது கலியாணம், ஆகையால் சொல்கிறேன்: வீட்டுக்காரியைக் கேளாமல் வீட்டில் இருந்து ஒரு கோழிக்குஞ்சைக்கூட வெளியே கொடுக்காதே.

உன்னைக் கொடுத்த அன்றைக்கு நாங்கள் கண்டி ரோட்டில் பஸ்ஸால் இறங்கினபோது அத்தான், அதுதான் உன் அப்பா, வயற்காரப் போடியாரின் உழவு மெசினோடு காத்துக்கொண்டு நின்றார். மெசின் இழுக்கிற பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் தன் கலியாண வேட்டியை விரித்திருந்தார். நாங்கள் ஏறியதும் மெசினை ஓட்டினார் பார், நடந்து போன சனம் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனது. "அத்தான், இப்பிடிப் போனால் நாளைக்குத்தான் போய்ச் சேருவம்" என்றேன். "மச்சான், பிள்ளை குலுங்கக்கூடாது" என்றார். உனக்கு அம்மை போட்டபோது யானை நிற்கிற பாதையால் தனியாக மெசின் ஓட்டிப்போய் மருந்து வாங்கி வந்தவரும் அவர்தான். நான் துறைமுகத்தில் இருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நாலாம் நாள் வந்து எட்டிப் பார்த்தேன்.

ஆக, முறைப்படி நான் உனக்கு மாமா. தாயின் தம்பி மாமாதானே. ஏழு வயதில் எவளோ ஒருத்தி உனக்கு உண்மையைச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை நான் வந்தபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. என் மடியில் ஏறி, உன் காதைத் தொட்டுப் பார்த்தாய், என் காதைத் தொட்டுப் பார்த்தாய். "மாமா, எனக்கும் உங்கட காது" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பட்டிக்குச் சாய்க்க ஓடிவிட்டாய். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் காதை நான் எத்தனை தரம் தடவிப் பார்த்தேன் என்று தெரியாது.

இனிக் கூத்துக்கு வருகிறேன். வெருகல் பக்கத்தில் இருந்து துறைமுக வேலைக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் பத்துப் பன்னிரண்டு குடும்பம் குடாக்கரையில் ஒன்றாக இருந்தோம். வருஷா வருஷம் ஊரில் இருந்து அண்ணாவியார் வருவார், கூத்துப் பழக்குவார். ஆருக்கு எந்த வேஷம் என்று சொல்லி அந்தப் பாட்டு எழுதின தாளைக் கையில் கொடுக்கிறதைச் சட்டம் கொடுத்தல் என்பார்கள். முதல் வருஷம் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன், வீரன் வேஷம் எனக்குத்தான் என்று. அண்ணாவியார் என்னைப் பாடச் சொன்னார். கேட்டுவிட்டு அரசியின் தாளை நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எனக்கு மீசை இருக்குது அண்ணாவியார்!" என்று கத்தினேன். "மீசையை வழிக்கலாம் தம்பி, குரலை வழிக்க ஏலாது" என்றார். அதோடு முடிந்தது. அதன் பிறகு வருஷத்தில் இரண்டு மாதம் நான் மீசை இல்லாத ஆள். வள்ளத்தில் ஏறினால் போதும், "அரசி வாறா, வழி விடுங்கோ!" என்று கூட்டம் சிரிக்கும். சிரித்தவனில் இரண்டு பேர் கடலில் விழுந்தும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

கூத்தாடுகிற களரிக்கு வெளியே அந்தக் கதையின் பெயர்களை வாயால் சொல்லக்கூடாது என்பது அண்ணாவியாரின் கட்டளை. ஆகையால் எழுதவும் மாட்டேன். உனக்குத் தெரிந்த கதைதான். கன்னியாய் இருக்கையில் தெய்வத்துக்குப் பெற்ற பிள்ளையை ஊருக்குப் பயந்து ஆற்றில் விட்டவள் அந்த அரசி. தேரோட்டி ஒருவன் எடுத்து வளர்க்கிறான். பிள்ளை பெரிய வீரனாகி, தன் தம்பிமார் என்று தெரியாமலே அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறான். போருக்கு முதல் அரசி அவனைத் தேடிப் போய், "நான்தான் உன்னைப் பெத்தவள், வந்துவிடு" என்று கேட்கிறாள். அந்த இடம்தான் என் இடம். நான் பாடினால் அழாத பெண் இல்லை. இதில் பெருமை அடிக்க எனக்கு வெட்கமும் இல்லை. பெண்கள் மூக்குச் சிந்தும் சத்தத்தில் சில வேளை மத்தளச் சத்தம் கேட்காது.

ஆனால் இத்தனை வருஷம் ஆடியும் எனக்கு ஒன்று புலப்படவில்லை. அந்தக் கதையில் பிள்ளையைக் கொடுத்த தெய்வம் வானத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் இறங்கி வந்து ஒரு வாய் சோறு ஊட்டவில்லை. இன்னொரு தெய்வம் கூடவே இருந்து எல்லோருக்கும் புத்தி சொல்கிறது, அந்த வீரன் சாவதற்கும் வழி பண்ணுகிறது. தெய்வங்களுக்குக் கூத்தில் வரவுப் பாட்டும் பெரிது, தலையில் வைக்கிற முடியும் பெரிது. பிள்ளையைத் தூக்கி வளர்த்த தேரோட்டிக்கு எங்கள் பாட்டுக் கொப்பியில் இரண்டே இரண்டு பாட்டு. ஆடத் தெரியாத ஆள் ஆர் என்று பார்த்து அவனுக்குத்தான் அந்த வேஷத்தைக் கொடுப்போம். உழவு மெசின் ஓட்டுகிற ஒரு மனிதன் வருஷா வருஷம் தம்பலகாமத்தில் இருந்து வந்து முன்வரிசையில் இருந்து அதைப் பார்த்தார். எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவன் ஒரு கிரேக்க நாட்டு மாலுமி. நீ பதினெட்டு வயதில் இருந்தபோது தேயிலை ஏற்ற ஒரு கப்பல் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் கூத்துப் பழகுகிற சத்தம் கேட்டு அவன் வந்து மண்ணில் சப்பாணி கட்டி இருந்துவிட்டான். கப்பல் கந்தோரில் வேலை செய்கிற கிளாக்கர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவரிடம் கதையை இங்கிலீசில் கேட்டுத் தெரிந்துகொண்டான். பிறகு, "எங்கட நாட்டிலயும் இப்பிடி ஒரு பழைய கதை இருக்குது" என்று சொல்லத் தொடங்கினானாம். ஒரு ராசாவுக்குப் பிள்ளை பிறக்கிறது. இந்தப் பிள்ளையால் தகப்பனுக்குச் சாவு என்று குறி சொல்கிறார்கள். ராசா பயந்து பிள்ளையை மலையில் கொண்டுபோய் விடச் சொல்கிறான். பிள்ளை எங்கோ தப்பி வளர்கிறது. தகப்பன் முகமே தெரியாததால், ஒரு நாள் வழியில் சண்டை வந்து தகப்பனையே கொன்றுவிடுகிறது. கிளாக்கர் இதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு, "பாருங்கோவன், அந்த ராசா பிள்ளையை வீட்டில வைச்சிருந்தால் ஒண்டும் நடந்திராது. தப்பப் பார்த்துத்தான் மாட்டுப்பட்டவன்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அரசியின் தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து கடல் பக்கம் போய்விட்டேன்.

ஏனென்றால், மகனே, இதுதான் உனக்குத் தெரியாத விஷயம். நான் இரக்கப்பட்டு உன்னைக் கொடுக்கவில்லை. நீ பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த கையோடு சாதகம் எழுதுவித்தேன். சாத்திரியார் ஓலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்தப் பிள்ளை கூட இருந்து வளர்ந்தால் தகப்பனுக்கு ஆகாது. பத்து வயசு காண முன்னம் தகப்பனைத் தின்னும்" என்றார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சுறா திரிகிற தண்ணியில் குதித்து விளையாடுகிறவன், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துபோனேன். நாலு மாதப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். பிள்ளையில்லாத அக்கா இருந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது. ஊர் என் இரக்கத்தைப் புகழ்ந்தபோது மாமி கோப்பையை ஏன் அப்படி இடித்து வைத்தாள் என்று இப்போது விளங்குகிறதா? அவளுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். இருபத்தேழு வருஷம் அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மாலுமி வந்துபோன அடுத்த மாதம் தேயிலைப் பெட்டி ஒன்று கயிற்றில் இருந்து வழுக்கி என் இடுப்பில் விழுந்தது. மறுபக்கம் பிடித்தவன் புதியவன், கை நழுவ விட்டுவிட்டான். ஆசுப்பத்திரியில் கிடந்தபோது நான் நினைத்தது எல்லாம், அந்த மறுபக்கத்தில் நீ நின்றிருந்தால் விட்டிருக்க மாட்டாய் என்பதுதான். தப்ப ஓடிய ராசாவின் கதை எனக்கும் சரியாகத்தான் வந்து முடிந்தது. வீட்டில் உன் தங்கச்சிமார் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், தம்பிக்குப் பத்து வயது. வள்ளத்துச் சொந்தக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற கிண்ணியா முஸ்லிம் பெரியவர், என்னை வந்து பார்த்தார். "தம்பி, இடுப்பு ஒடஞ்ச ஆளுக்கு வள்ளத்தில என்ன வேல? வளந்த மகன் ஒருத்தன் இரிந்தா அனுப்புங்க, ஒங்கட எடத்த அவனுக்கே வச்சித் தாறன்" என்றார். நல்ல மனிதன், மனம் நோகாமல் சொன்னார். வளர்ந்த மகன் எனக்கு இருந்தான். தம்பலகாமத்தில், இன்னொருவருக்கு மகனாக இருந்தான்.

அந்த வருஷம் அரங்கேற்றம் முடிந்து வீட்டுக்கு வீடு ஆடுகிற வழமைக்கு அத்தான் எங்கள் கூட்டத்தைத் தம்பலகாமத்துக்கு அழைத்திருந்தார். உனக்கு நினைவிருக்கும். பெரும்போக நெல் வெட்டு முடிந்த நேரம், பட்டப்பகல், முற்றம் முழுக்கச் சனம். வீட்டுக்காரர் எந்தக் கட்டத்தைக் கேட்கிறாரோ அதை ஆட வேண்டும். அத்தான் தாயும் மகனும் சந்திக்கிற கட்டத்தைக் கேட்டார். எங்கள் வீரனோ வழியில் கால் பிரண்டு வீங்கிப் போய் லொறியில் கிடந்தான். அண்ணாவியார் கையைப் பிசைந்தார். நீ வேலியோரம் நின்றவன் முன்னுக்கு வந்து, "எனக்குப் பாடம், நான் ஆடுறன்" என்றாய். வருஷா வருஷம் பார்த்துப் பார்த்தே பாடமாக்கி இருக்கிறாய். உனக்கு முடியைக் கட்டிவிட்டது நான்தான். நீ என்னைவிட உயர்ந்துவிட்டாய், எட்டித்தான் கட்டினேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட புத்தி வந்தது. உன்னைக் கூட்டிப்போகிற எண்ணத்தோடுதான் வந்திருந்தேன், அக்காவிடமும் அத்தானிடமும் நேரே கேட்க வாய் வரவில்லை. கூத்துக்குள் வைத்துக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாமிக்கு ஆடுகிற கூத்தில் சொந்தக் காரியத்தைச் செருகினேன். இது என் இரண்டாவது பிழை, முதலாவதற்குக் குறைந்தது அல்ல.

சேலையும் கொண்டையுமாக நான் இடுப்பை இழுத்து இழுத்து ஆடி வந்தேன். பாட்டு முடிந்து வசனம் வந்தது. "மகனே, போருக்குப் போகாதே. என்னோட வா" என்று கொப்பியில் உள்ளதைச் சொன்னேன். அதோடு நிற்காமல், "உன்ர தம்பி சின்னப் பொடியன். தங்கச்சியள் ரெண்டு பேர். துறைமுகத்தில, வள்ளத்தில, உனக்கு ஒரு இடம் வைச்சிருக்குது" என்றேன். மத்தளம் நின்றுவிட்டது. அரசிக்கு எங்கே துறைமுகம், எங்கே வள்ளம்? ஆரோ ஒரு பொடியன் சிரித்தான், பக்கத்தில் நின்றவர் அவன் தலையில் குட்டினார். அக்கா அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றாள். அத்தான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நீ என்னையே பார்த்தாய்.

"அம்மா, நீங்கள் வந்தது எனக்காகவோ, அவையளுக்காகவோ?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்வி கூத்திலும் உண்டு. கூத்தில் அரசி ஒரு ஒப்பாரியைப் பாடிச் சமாளித்துவிடுவாள். நானும் பாட வாயைத் திறந்தேன், பாட்டு வரவில்லை. "அவையளுக்காகத்தான் மகனே" என்றேன். பதினைந்து வருஷத்தில் அந்த அரசி முதல் முறையாக உண்மை பேசினாள்.

"உண்மை சொன்னியள், அது காணும்" என்றாய். பிறகு நீ சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அம்மா, நீங்கள் என்னைப் பெத்தது உண்மை. அந்தா இருக்கிற மனிசன் என்னைத் தோளில தூக்கித் திரிஞ்சதும் உண்மை. ரெண்டில ஒண்டைப் பொய்யாக்கச் சொல்லாதேங்கோ. நான் வரமாட்டன். ஆனா உங்களை வெறுங்கையோட அனுப்பவும் மாட்டன். வெட்டு முடிஞ்சால் மூண்டு மாசம் எனக்கு இஞ்ச வேலை இல்லை. அந்த மூண்டு மாசமும் வந்து உங்கட வள்ளத்தில நிப்பன். தம்பி வளருமட்டும் வருவன்." சொல்லிவிட்டு என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். முடி சரிந்து விழப் பார்த்தது, நான் பிடித்தேன். மத்தளக்காரர் அழுதுகொண்டே அடித்தார், தாளம் ஒன்றும் சரியாக வரவில்லை.

ஆட்டம் முடிந்தால் வீட்டுக்காரர் சால்வை போடுவது வழக்கம். அத்தான் எனக்குச் சால்வை போடக் கிட்ட வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். "என்னை ஏசுங்கோ அத்தான்" என்றேன். அவர் காதோடு சொன்னார்: "மச்சான், சாதகக் கதை எனக்கு அண்டைக்கே தெரியும். நீர் பிள்ளையோட தந்த ஓலையை அடுத்த நாளே கொண்டுபோய் வாசிப்பிச்சனான். ஆர் தகப்பனா இருந்து வளர்க்கிறானோ அவனைத்தான் தின்னும் எண்டார் சாத்திரியார். தின்னட்டும் எண்டு நினைச்சனான். ஒரு பிள்ளை என்னை அப்பா எண்டு கூப்பிட்டால் போதும், பிறகு என்ன வந்தாலும் வரட்டும் எண்டுதான் வைச்சிருந்தனான்." சொல்லிவிட்டுச் சால்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, எல்லோருக்கும் சாப்பாடு போடச் சொல்லி அக்காவைக் கூப்பிடப் போய்விட்டார். நான் சேலையோடு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் இருந்து அழுதேன். களரியில் அழுகிற அழுகை இல்லை, மூக்கால் வடிகிற அழுகை.

இப்போது விளங்குகிறதா, ஏன் ஏலாது என்கிறேன் என்று? அந்தச் சாத்திரியார் செத்து எத்தனையோ வருஷம். நான் கல்லுப்போல இருக்கிறேன், அத்தானும் இன்றைக்கும் மெசின் ஓட்டுகிறார். ஓலை பொய். ஆனால் அது பொய் என்று தெரியாமல், உயிர் போகும் என்று நம்பிக்கொண்டே, அந்த மனிதன் உன்னை இரவும் பகலும் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார். நான் அதே ஓலைக்குப் பயந்து ஓடினேன். அப்பா என்கிற அந்த ஒரு சொல்லுக்காக அவர் உயிரையே வைத்தார், மகனே. அதை எடுத்து எனக்கு எழுதுகிறாயே, அது உன் கையில் இருக்கிற பொருளா? அழைப்பிதழில் அத்தானின் பெயரைப் போடு. திரியாய்க்காரருக்கு நான் நேரே போய்ச் சொல்கிறேன், இந்த மாப்பிள்ளை தம்பலகாமத்து மெசின்காரரின் மகன், வேறு வீரப் பரம்பரை ஏதும் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கோ என்று. இரண்டில் ஒன்றைப் பொய்யாக்கச் சொல்லாதே என்று அன்றைக்கு எனக்குச் சொன்னவன் நீ. இன்றைக்கு நான் உனக்குச் சொல்கிறேன்.

என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடிதம் என்னுடையதுதானே. அந்தக் கூத்தில் வீரன் கொடுத்த சொல்லைக் காப்பாற்றச் சாகிறான். களரியே எழுந்து நின்று அழும். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பஸ்ஸில் வந்தாய். வெட்டு முடிய ஒரு ஓலைப்பெட்டி அரிசியோடு வந்து இறங்குவாய். ஆறு வருஷம், வருஷத்துக்கு மூன்று மாதம், தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை கிடைக்குமட்டும் வந்தாய். காக்கா சொல்வார், "ஒங்கட மகன் பிடிச்சா பெட்டி ஆடாது" என்று. ஒங்கட மகன் என்று அவர் சொல்லும்போது நான் திருத்த மாட்டேன், அது என் களவு. செத்துச் சொல்லைக் காப்பாற்றுவதற்கு முடியும் பாட்டும் வேண்டும். பஸ்ஸில் வந்து காப்பாற்ற மனம் வேண்டும். எந்தக் கொப்பியிலும் உன்னைப் போல் ஒருவனை நான் காணவில்லை.

கலியாணத்துக்கு நானும் மாமியும் மூன்று நாள் முந்தியே வருவோம். மணவறையில் அத்தானும் அக்காவும் நிற்கட்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுகிறது தாய்மாமன். அது எனக்கு முறையான இடம், ஆரும் இரங்கித் தரத் தேவையில்லை. அதை நான்தான் கட்டுவேன். அன்றைக்கு உனக்கு முடி கட்டின அதே கைதான் கட்டும். இந்த முறை கொஞ்சம் குனி, இடுப்பு எட்ட விடாது. சபையில் ஆரும் "மாப்பிள்ளையின்ர தகப்பன் ஆர்?" என்று கேட்டால், முந்திக்கொண்டு அத்தானைக் கை காட்டுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நீ எப்போதும் போல மாமா என்றே கூப்பிடு. எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பா என்று கூப்பிடப் பிள்ளை உள்ள தகப்பன் இந்தத் துறைமுகத்தில் வீட்டுக்கு ஒருவன் இருக்கிறான். பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, பெற்ற மகன் "அம்மா" என்று கூப்பிட்டுக் காலைத் தொட்ட தகப்பன் இருந்தால் ஒருவனைக் காட்டு பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் மாமா